உயிர்வேலியும் தோட்டக் கத்தரியும்

(ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் ஓர் ஊரின் பள்ளித் தோட்டத்தைக் காணச் சென்றிருந்தேன். மருதாணியும் கொடுக்காப்புளியும் கலந்த உயிர்வேலி ஆளுயரம் வளர்ந்திருந்தது. ஆயினும் உள்ளே ஒரு கீரைப் பாத்திகூட மிஞ்சவில்லை. வேலியின் அடிப்பகுதி இலையற்ற வெறுங்கழிகளாக நின்றது. ஆடுகள் அவ்வழியே நுழைந்துவிட்டன. வேலிக்கென வாங்கிய கத்தரி எங்கே என்று கேட்டேன். துருவேறி, வாய் திறவாத நிலையில் அதனை ஒரு மூலையிலிருந்து எடுத்து வந்தனர். கருவி கெட்டது, வேலி கெட்டது, பிள்ளைகள் வளர்த்த பயிரும் கெட்டது.

வேலிக்கு உயரத்தைவிட அடியின் அடர்த்தியே முதன்மையானது. ஆகவே நட்ட முதல் ஆண்டிலிருந்தே நுனியை வெட்டி வருதல் வேண்டும். அப்பொழுதுதான் பக்கக் கிளைகள் பெருகும். அடி அகன்றும் தலை குறுகியும் இருக்குமாறு, பக்கங்களைக் கீழிருந்து மேலாகக் கத்தரியுங்கள். தலை அகன்றால் அடியில் வெயில் படாது; இலை உதிர்ந்துவிடும். உச்சியைச் சமமாக வெட்டக் கயிறு கட்டிக்கொள்க. பறவைக்கூடு இருப்பின் குஞ்சுகள் பறந்து செல்லும் வரை அவ்விடத்தை விட்டுவிடுக.

கத்தரி வாங்குங்கால் மூன்றைக் கவனியுங்கள். ஓர் இலையை அலகின் அடியிலும் நுனியிலும் வைத்து வெட்டிப் பாருங்கள்; கசங்காமல் அறுபட வேண்டும். அலகுகளை இணைக்கும் ஆணி, மரையிட்டு முடுக்கக்கூடியதாக இருத்தல் நன்று. கையை நீட்டிச் சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள். வேலை செய்பவருக்கு அது பளுவாக இருத்தலாகாது. விரல் பருமனுள்ள கிளைக்கு இக்கருவியைப் பயன்படுத்தினால் அலகு விலகிவிடும். அதற்கு அரிவாள் உண்டு.

வேலை முடிந்ததும் அலகில் படிந்த பாலையும் பிசினையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, ஆணியில் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விடுக. முனை மழுங்கினால் அலகின் சரிந்த பக்கத்தை மட்டும், ஒரே திசையில், அரத்தால் தீட்டுக. தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் அலகுகளுக்கிடையே இடைவெளி உண்டாகி, இலை அறுபடாமல் மடங்கும்.

பொதுக் கருவி என்றால் எவருக்கும் பொறுப்பில்லாத கருவி என்று பொருளன்று. அதனைக் காக்க ஒருவரை நியமியுங்கள். வாங்கிச் சென்றவர் பெயரையும் திருப்பித் தந்த நாளையும் ஏட்டில் எழுதுங்கள். துடைத்து எண்ணெயிட்ட பின்னரே திரும்பப் பெறுங்கள். நான் கண்ட அவ்வூரில் கத்தரியைப் பழுதுபார்த்து, வேலியைத் தாழ வெட்டிவிட்டனர். அடியில் துளிர் விட்டிருக்கிறது. அடுத்த கீரை விதைப்புக்குள் அது அடர்ந்துவிடும் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் வேலியின் அடியையும் இன்றே சென்று பாருங்கள்.