குற்றம் யாருடையது, பொறுப்பு யாருடையது?



தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று நின்று நின்று போகும். செங்கல்பட்டுக்கு முந்தின நிலையம் பரனூர். பரனூர் என்றதும் சுங்கச்சாவடிதான் பலருக்கு நினைவு வரும். அதே பரனூரில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. அதற்கு முன்பு அங்கே இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை.

"எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, இனி என்னால் என்ன முடியும்?" இந்த ஒரே நினைப்பில் வருடக்கணக்காக நின்றுபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த நிலையிலிருந்து ஒரு மனிதர் எப்படி எழுந்து வருகிறார் என்பதைச் சொல்லும் ஒரு வரலாறு, நம் ஊருக்குப் பக்கத்தில், திருமணியில்தான் தொடங்கியது.

1947ஆம் ஆண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் திருமணிக்கு வந்தார். 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். திருமணி மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். அங்கிருந்த நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்த பிராண்ட், ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்க முடியவில்லை. எதற்கும் உதவாது என்று எல்லோரும் கைவிட்ட கையில் அவ்வளவு வலு இருந்தது.

அந்த வலுவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிவிடுகின்றன. ஆனால் முன்கையின் பெரிய தசைகள் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அப்படியானால், நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து விரல்களோடு இணைத்தால் மடங்கிய விரல் நிமிருமே! அடுத்த சில ஆண்டுகளில் வேலூரில் பிராண்டும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து காட்டினார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

கையை நிமிர்த்தியதோடு கதை முடிந்துவிடவில்லை. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. முன்ஜென்மப் பாவம் என்றும் கடவுளின் சாபம் என்றும் ஊர் அவர்களை ஒதுக்கியது. வீடு கதவைச் சாத்தியது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிடித்து அடைத்துவைக்க இடம் கொடுத்தது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்க முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2019இல். இப்படிப்பட்ட உலகத்தில் ஒருவருடைய விரல் நிமிர்ந்தாலும் அவருடைய வாழ்க்கை எப்படி நிமிரும்?

பிராண்ட் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. 1951இல் வேலூரில், கல்லூரி வளாகத்திலேயே, சில மண்குடிசைகளோடு நவஜீவ நிலையம் என்ற சிறிய குடியிருப்பைத் தொடங்கினார். சிகிச்சை பெற்றவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். அங்கேதான் ஒரு பெரிய உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. நோய் உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கினாலும் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. தெரியாமல் வந்த காயம் கவனிக்காமல் விடப்பட்டு, சீழ் பிடித்து, விரலைத் தின்றுவிடுகிறது.

ஆகவே அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உருவானது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். இது எப்போது வந்தது, எந்த வேலையில் வந்தது என்று நோயாளிகளே துப்புத் துலக்கினார்கள். கருவிகளின் பிடியை மாற்றினார்கள். எலிக்கு மருந்தாகப் பூனை வளர்த்தார்கள். கையையும் காலையும் தினமும் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள். காயங்கள் குறைந்தன. விரல்கள் தப்பின.

நேயர்களே, இதைச் சற்று நின்று யோசித்துப் பார்ப்போம். அந்த நிலையத்தில் இருந்த ஒருவருக்கு நோய் வந்தது அவர் குற்றமா? இல்லை. ஊர் ஒதுக்கியது அவர் குற்றமா? நிச்சயமாக இல்லை. ஆனால் இன்று இரவு படுக்கும் முன் அந்தக் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டியவர் யார்? அவரேதான். ஒதுக்கிய ஊர் வந்து பார்க்கப்போவதில்லை. மிக அன்பான மருத்துவராலும் தினமும் வந்து பார்க்க முடியாது. குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. பொறுப்பு யாருடையது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கிறவரை இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போட்டால், இழந்ததோடு சேர்த்து மிச்சம் இருப்பதையும் இழந்துவிடுவோம். இன்று நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

பிராண்டிடம் பணியாற்றிய ஒருவரின் வாழ்க்கை இதை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்தில் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு ஒருநாள் வெளியே போனபோது அவர்களுடைய வாகனம் விபத்துக்குள்ளானது. வண்டியை ஓட்டியவர் அவர் அல்ல. ஆனால் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. முகத்திலும் பெரிய காயம். வயது இருபத்தெட்டுதான்.

அவர் அழவில்லை, கலங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆழ்ந்த விசுவாசமுள்ள அந்தப் பெண் தன் தேவனிடம் கேள்வி கேட்டார், போராடினார். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்ற யோசனையைக் கொடுத்தவர் பிராண்ட். யோசனை அவருடையது, கத்தியைக் கையில் எடுக்கும் முடிவு மேரியுடையது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் உதவி இல்லாமல் தன் காரியங்களைச் செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டு வந்தவர்களுக்கு அறிவுரையைவிடப் பெரிய மருந்து, தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்த மருத்துவர்தான். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? மன உறுதி என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உறுதி தளர்கிற நாட்கள் எல்லோருக்கும் உண்டு. கிறிஸ்தவ விசுவாசம் இங்கே வேறு ஒன்றைத் தருகிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருடமாக நோயோடு கிடந்த ஒரு மனிதர் வருகிறார். குணமாக விருப்பமா என்று இயேசு அவரிடம் கேட்கிறார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிடத் தனக்கு ஆள் இல்லை, தான் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று சொல்கிறார். அவர் சொன்னது பொய் இல்லை. இயேசு அதை மறுக்கவில்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்.

அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் வருகிறார். இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்கிறார்கள். அந்தக் கணக்கையே இயேசு ஏற்கவில்லை. ஆனால் பார்வையற்ற அந்த மனிதரைச் சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொல்கிறார். பழியை அவர்மேல் சுமத்தவில்லை. நடக்க வேண்டிய நடையை அவரிடமே விட்டார். இரக்கம் முதலில் வருகிறது, பொறுப்பு அதன் பின்னால் வருகிறது. நேசிக்கப்படுகிறேன் என்று அறிந்தவருக்குத்தான் எழுந்திரு என்ற சொல் கட்டளையாக மட்டும் கேட்காமல் நம்பிக்கையாகவும் கேட்கும். நான் பட்ட அடிதான் நான் என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பொறுப்பு எடுத்துக்கொள் என்ற வார்த்தையை அநியாயம் செய்கிறவர்கள் தங்களுக்குக் கேடயமாக்கிக்கொள்ளக் கூடாது. கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் பொறுத்துப்போ, ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்வது விசுவாசம் ஆகாது. அவள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதும், காவல் நிலையத்துக்குப் போவதும், அம்மா வீட்டுக்குப் போவதும் பொறுப்பான செயல்கள்தான். வேலை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022இல் உற்பத்தி நின்றது. அந்த முடிவைத் தொழிலாளர்கள் எடுக்கவில்லை. நியாயமான இழப்பீடு கேட்டு அவர்கள் ஒன்றாகப் போராடினார்கள். உரிமையைக் கேட்பதும் அடுத்த வேலையைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சாதியின் பெயரால் அவமானப்பட்டவர் வழக்குத் தொடுப்பதும் அப்படியே. இவை மன்னிப்புக்கும் எதிரானவை அல்ல. மன்னிப்பது என்றால் நடந்த தவறைத் தவறு இல்லை என்று சொல்வது அல்ல. அந்தத் தவறு செய்தவர் கையில் நம் நாளைய நாளையும் கொடுத்துவிடாமல் இருப்பது அது.

நம் பக்கத்து ஊர்களில் இது எப்படிப் பொருந்தும்? காட்டாங்குளத்தூரிலும் பொத்தேரியிலும் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவருக்கு அரியர் விழுகிறது. பாடம் நடத்தியவர் சரியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறுதேர்வை எழுதப்போவது அந்த மாணவர்தான். ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் சொத்துப் பிரிக்கும்போது தம்பியை அண்ணன் ஏமாற்றியிருக்கலாம். வழக்கு நடக்கட்டும். அந்தக் கசப்பைத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டுவதா வேண்டாமா என்பதைத் தம்பிதான் முடிவு செய்ய வேண்டும்.

எனவே இன்று இரவு ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விகளை எழுதிப் பாருங்கள். எனக்கு நடந்த அநியாயம் என்ன? கூட்டாமல் குறைக்காமல், நேராக எழுதுங்கள். ஜெபிக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். வேதாகமத்தின் சங்கீதங்களை எழுதியவர்களும் அப்படித்தான் முறையிட்டார்கள். பிறகு இரண்டாவது கேள்வி: என் கையில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரு காரியம் எது? ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். ஒரு விண்ணப்பமாக இருக்கலாம். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ போய்ப் பார்ப்பதாக இருக்கலாம். தனியாக முடியாது என்றால் உதவி கேளுங்கள். மேரி வர்கீஸுக்கு ஒரு பிராண்ட் தேவைப்பட்டார். உதவி கேட்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாது.

உங்கள் அருகே எழ முடியாமல் இருப்பவர் யாராவது இருந்தால், அவருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் உங்கள் கையைக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் வலுவை அவருக்கு முன்பே நீங்கள் கண்டுபிடிக்கக்கூடும்.