ஒலிபெருக்கியும் நம் வழிபாடும்

(பாடகர் குழுவினருக்கும் மைக் செட் பணியாளருக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



“சுவாமி, சத்தம் பிரமாதம், வாசகந்தான் விளங்கவில்லை” என்று நம் மூத்தோர் சிலர் சொல்லக் கேட்கிறேன். சத்தம் வேறு, தெளிவு வேறு. இதைக் குறித்தே சில வார்த்தைகள்.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்கள் பொருளுணர்ந்து முழுமையாய்ப் பங்குபெற வேண்டுமெனப் பணித்தது. அதன்பின் தாய்மொழி பீடமேறியது. காதில் தெளிவாய் விழாத தமிழ், இலத்தீனைவிட எவ்வகையில் மேல்?

ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். பின்சுவர் 17 மீட்டர் தள்ளியிருந்தால், மோதித் திரும்ப வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் வாசிப்பவர் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறார். பழைய எழுத்து புதியதன்மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். ஆகவே ஒலிப்பெட்டிகளைச் சுவரை நோக்கியல்ல, மக்களை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். வாசக மைக்கில் கனத்த ‘பேஸ்’ ஒலியைக் குறையுங்கள். சனிக்கிழமை வெறுங்கோவிலில் திருகி வைத்த அளவு ஞாயிறன்று பொருந்தாது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும்.

மைக் ஊளையிடுவது, பெட்டியின் சத்தம் திரும்ப மைக்கிலேயே நுழைந்து சுற்றுவதால். மைக் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கட்டும். பயன்படாத மைக்குகளை மூடிவிடுங்கள். பாடுவோர் சிலர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். மேடைக் கச்சேரியில் கண்ட பழக்கம் போலும்! அதுவே ஊளையை அழைத்து வரும்.

மிக்சரில் முதலில் குரலை நிறுத்துங்கள்; கீபோர்டு அதன்கீழ் நிற்கட்டும். தபேலாவுக்கு நம் கோவிலளவுக்கு மைக்கே வேண்டியதில்லை. முக்கியமானது ஒன்று: தன் குரலும் அயலார் குரலும் காதில் விழாதபோது மக்கள் பாடுவதை நிறுத்திவிடுவர். பல்லவியில் சபை மௌனமானால், குற்றம் சபையுடையதன்று. உடனே பாடகர் மைக்குகளைத் தணியுங்கள்.

கோவிலுக்கு வெளியேயும் காதுகள் உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையருகே ஒரு பெந்தெகோஸ்து ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியும் மேளமும் பற்றி அயலார் வழக்குத் தொடுத்தனர். சாலை வாகனங்களே இரைச்சலுக்குக் காரணமென்று சபையார் வாதிட்டனர். நமக்கும் கரும்பு லாரிகளைக் காட்டத் தோன்றும்! ஆனால் 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்துச் ஜெபிக்க எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்த்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு அரசு தரும் விலக்கும் நள்ளிரவு 12 வரைதான். கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்குக் குழாய் கட்டுவோர் இதை நினைவிற்கொள்க.

இனி ஞாயிறுதோறும் உங்களில் ஒருவர் முதல் வாசகத்தின்போது கடைசி பெஞ்சில் போய் அமருங்கள். அங்குள்ள பாட்டிமாரிடம், வாசித்தது என்னவென்று பூசை முடிந்ததும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலுக்கேற்ப அடுத்த வாரம் மிக்சரைத் திருகலாம்.