தன் காலில் நில்லாத நிறுவி

(ஒரகடம் தொழிற்பேட்டைத் தொழில்வல்லாரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவி என்பது யாது? ஒரு மென்பொருளை, அஃது இல்லாத கணினியில் கொண்டுபோய்க் குடியேற்றும் சிறுநிரலே நிறுவி. கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதும், கணினியின் பதிவேட்டில் குறிப்பதும், பழம்பதிப்பு இருப்பின் அதனை அகற்றுவதும் அதன் வேலை. வெற்று மனைக்குள் முதற்கண் நுழைகின்ற ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவ்வாறு முதலில் நுழைகின்றவனே, "எனக்கு முன்னர் வேறொருவன் வந்து அடுப்பு மூட்டி வைத்திருந்தாலன்றி என் வேலை நடவாது" என்பானாயின், அவனை நாம் வேலைக்கு அமர்த்துவோமா? இன்று நம் தொழிற்சாலைகளுக்கு வந்து சேரும் நிறுவிகள் பலவும் அத்தகைய ஆள்களே!

சி, சி பிளசு பிளசு ஆகிய மொழிகளில் எழுதிய நிரல் முன்கூட்டியே பொறிமொழியாக மாற்றப்பட்டு நேரே ஓடும். சி சார்ப்பு, சாவா ஆகியவற்றில் எழுதியதோ பொதுவாக இடைமொழியில் நிற்கும். அதனைப் பொறிமொழியாக்கவும், நினைவகத்தை ஒதுக்கி மீட்கவும், ஓர் இயக்கச்சூழல் அக்கணினியில் முன்னரே இருத்தல் வேண்டும். மைக்ரோசாப்டுக் குழுமம் 2002-இல் வெளியிட்ட 'டாட்நெட்' அத்தகைய சூழலே. இவ்வாறு ஓடுவதை ஆளப்படும் நிரல் எனலாம். அதனைப் பழிக்க நான் வரவில்லை. நினைவகப் பிழையால் நிரல் வீழ்வது அதனால் பெரிதும் குறைந்தது. பெரிய பயன்பாட்டு மென்பொருளை அதில் எழுதுவது அறிவுடைமையே. நிறுவியையும் அதிலேயே எழுதலாமா என்பதே நம் வினா.

இவ்வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் மூடிக்கொண்டு போனது. 2007-இல் டெல் வந்தது. ஒரகடத்தில் 2010-இல் இரெனோ-நிசானும், 2012-இல் டைம்லரும் தொடங்கின. இத்தகைய ஆலைகளில் ஒரு பொறி பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். அதனை ஆட்டுவிக்கும் கணினியோ பெரும்பாலும் பொறி வாங்கிய நாளில் வந்ததாகவே இருக்கும்; மாற்றினால் விற்றவன் பொறுப்பேலான். விண்டோசு எக்சுபிக்கான பேணுதல் 2014 ஏப்பிரல் 8-இல் முடிந்தது. ஏழுக்கு 2020 சனவரி 14-இல். பத்துக்கு 2025 அக்தோபர் 14-இல். ஆயினும் அவை ஓடிக்கொண்டுதான் உள்ளன. அவற்றுட் பல இணையத்தோடு பிணைக்கப்படுவதில்லை, பிணைப்பதும் இடர்.

இனி நடப்பதைக் கேளுங்கள். எக்சுபி வெளிவந்தபோது டாட்நெட்டே பிறக்கவில்லை. ஏழில் 3.5.1 உடன் வந்தது. 2012-இல் வந்த எட்டில் 4.5 இருந்தது, 3.5 அணைத்து வைக்கப்பட்டது. பத்திலும் அவ்வாறே. எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டா) ஒட்டுச்சீட்டு அச்சிடும் கணினி இரவில் பழுதுற்றது. மாற்றாக விண்டோசு பத்துக் கணினி ஒன்றை வைத்தனர். மென்பொருளை ஏற்ற வந்த நிறுவி 3.5-ஐக் கேட்டது, 3.5 இணையத்தைக் கேட்டது. இணையமோ ஆலை விதிப்படி பூட்டியிருந்தது! விண்டோசு நிறுவல் வட்டைத் தேடியெடுத்து, அதிலுள்ள கோப்புகளைச் சுட்டிய பின்னரே வேலை நடந்தது. அதற்குள் விடிந்துவிட்டது. ஒப்பந்தப் பயிலுநரான இளைஞர் ஒருவர் விளக்கம் எழுதித் தர நேர்ந்தது. அவர்மேல் என்ன பிழை? எங்கோ குளிர்ந்த அறையில் அமர்ந்து, தன் கணினியில் எல்லாம் உள்ளமையால் எல்லார் கணினியிலும் இருக்கும் என்று எண்ணியவன் பிழை அன்றோ அது!

உள்ளே இன்னும் சிக்கல் உண்டு. 1999 முதல் விண்டோசுக்கெனத் தனி நிறுவற்பொறி இருக்கிறது. கோப்பு வைப்பது போன்ற வேலைகளை அதுவே செய்யும். இடையில் தவறினால் பழைய நிலைக்கு மீட்கும். நிரலாளர் தாமே எழுதிச் சேர்க்கும் தனிப்படிகளில்தான் தொல்லை. 2010-இல் டாட்நெட் நான்காம் பதிப்பு வருமுன்னர், ஓடுகின்ற ஒரு நிரலுக்குள் ஒரே ஓர் இயக்கச்சூழற் பதிப்புத்தான் ஏறும். ஒரு படி 1.1-ஐ ஏற்றிவிட்டால், 2.0 வேண்டிய அடுத்த படி வீழும். பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் டாட்நெட் தொகுப்புகளோ நிறுவல் உறுதியான பின்னரே பயன்படும். இடையில் அவற்றை அழைக்கும் படி ஏமாறும். திரையில் 1001 என்னும் பிழையெண் தோன்றும். கண்டிருப்பீர்கள்.

அகற்றுதல் இதனினும் கொடிது. இயக்கச்சூழல் பழுதுற்றாலோ, யாரேனும் நீக்கிவிட்டாலோ, அகற்றும் படியும் ஓடாது. பழையதை நீக்க இயலாமையால் புதியதையும் ஏற்ற இயலாது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் வாயிற்படியில் நிற்கும் நிலை!

இக்கால டாட்நெட்டின் வாழ்நாளையும் நோக்குக. ஆறாம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. 2024 நவம்பரில் அதன் பேணுதல் முடிந்தது. எட்டாவதற்கு 2026 நவம்பர் 10 என நாள் குறிக்கப்பட்டது. இருபதாண்டுப் பொறிக்கு மூவாண்டுத் தாங்கலா? கருவிகளும் கைவிடப்படும். விசுவல் சுதூடியோவிலிருந்த நிறுவித் திட்டத்தை நம்பியிருந்தவர்கள், அது 2012 பதிப்பில் நீக்கப்பட்டபோது திகைத்து நின்றனர். பின்னர் 2014-இல் தனிச்சேர்ப்பாகத் தந்தார்கள்.

மாற்று உண்டா எனின், உண்டு. 1997-இல் தோன்றிய 'இன்னோ' நிறுவி பாசுகல் வழிப்பட்ட மொழியில் எழுதி நேரே ஓடுவது. மைக்ரோசாப்டே 2004-இல் திறந்த நிரலாக வெளியிட்ட 'விக்சு' கருவியில், எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் பகுதி சி பிளசு பிளசில் எழுதப்பட்டது. டாட்நெட்டையே நிறுவ வேண்டியது டாட்நெட்டை நம்பியிருத்தல் ஆகாது என்பதை அவர்களே அறிந்திருந்தனர் போலும்! சி சார்ப்பை விடமாட்டேன் என்பார்க்கு, 2022-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் நேரே பொறிமொழியாக்கும் வழியும் உண்டு. எக்சுபிக் கணினிக்கு அது பயன்படாது. இன்னோவில் செய்திகள் தனியோர் உரைக்கோப்பில் இருக்கும். அவற்றைத் தமிழிலேயே எழுதிக் காட்டலாம். நள்ளிரவில் கணினிமுன் நிற்கும் பிள்ளைக்கு, எது இல்லை, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தன் மொழியில் தெரிய வேண்டாவா?

முன்பே வந்துவிட்ட நிறுவிகளை என் செய்வது என்று அவையில் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவை வேண்டும் இயக்கச்சூழலின் பதிப்பெண்ணை ஒவ்வொரு கணினியின் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். அப்பதிப்பின் முழு நிறுவற்கோப்பை இணையம் வேண்டா வகையில் எடுத்து, மென்பொருளோடு ஒரே வட்டில் வையுங்கள். புதிதாக வாங்கும்போது விற்பவரை இங்கேயே வரச்சொல்லுங்கள். விண்டோசு மட்டும் ஏற்றிய கணினி ஒன்றைக் கொடுத்து, வலைக்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அவர் கையாலேயே நிறுவச் செய்து, அகற்றச் செய்து, மீண்டும் நிறுவச் செய்து, அதன் பின்னரே பணமுறியில் கையெழுத்திடுங்கள்.