ரூட்டரோடு பேசும் திரை: டெரா டெர்மில் தொடக்க அமைப்பும் மேக்ரோவும்

(கணினிப் பராமரிப்புப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிறவங்களுக்கு ரூட்டர்னு ஒரு பெட்டி இருக்கிறதே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிற நமக்கே, அது நின்னு போற அன்னைக்குத்தான் அதோட ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப் போறது ரூட்டரைப் பத்திக்கூட இல்லைங்க. ரூட்டரோட பேசறதுக்கு நம்ம லேப்டாப்பில் திறக்கிறோமே, அந்த முனைய மென்பொருளைப் பத்தி. அதிலும் இரண்டே விஷயம். திறந்தவுடனே அது எப்படி இருக்கணும் என்கிற தொடக்க அமைப்பு ஒண்ணு. நமக்குப் பதிலா அது தட்டச்சு செய்யும் மேக்ரோ இன்னொண்ணு.

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கை நேரம். சாதிச் சான்று, வருமானச் சான்றுன்னு கவுன்ட்டர் முன்னால் காலை ஒன்பது மணிக்கே கூட்டம். முந்தின இரவு மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, ரூட்டர் அணைந்து விட்டது. காலையில் மின்சாரம் வந்ததும் விளக்கெல்லாம் எரிஞ்சுது, இணைப்பு மட்டும் வரலை. போய்ப் பார்த்தால் காரணம் ரொம்பச் சின்னது. போன வாரம் யாரோ புதுக் கவுன்ட்டருக்காகச் சில வரிகளை மாத்தியிருக்காங்க. மாத்தினது ஓடிக்கிட்டிருந்த நினைவகத்தில் இருந்ததே தவிர, தொடக்க அமைப்பில் சேமிக்கப்படலை. ஒரு ‘ரைட் மெமரி’ அடிச்சிருந்தா போதும். அடிக்கலை. அணைந்து எழுந்த ரூட்டருக்குப் பழசு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

நான் லேப்டாப்பைத் திறந்து கன்சோல் கேபிளைச் செருகினேன். திரையில் ஒண்ணும் வரலை. யுஎஸ்பி அடாப்டரை வழக்கமான துளையில் இல்லாமல் பக்கத்துத் துளையில் செருகியதால் காம் 3 என்பது காம் 7 ஆகியிருந்தது. அதைச் சரி பண்ணினா திரை முழுக்கக் கோணல்மாணலா எழுத்து. முந்தின நாள் வேறொரு கருவிக்காக வேகத்தை 115200-ன்னு வச்சிருந்தேன், இந்த ரூட்டருக்கு 9600 வேணும். அதையும் மாத்தினேன். கால் மணி நேரம் போயிடுச்சு. பின்னால் ஒரு பாட்டி, “தம்பி, இன்னைக்கு ஆகுமாப்பா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்”னு கேட்டாங்க. சான்றிதழ் கொடுக்கிறவனே நான்தான்னு நினைச்சுட்டாங்க போல.

அந்தக் கால் மணி நேரம் வீணாகாமல் இருந்திருக்கணும். அதுதான் தொடக்க அமைப்போட வேலை.

நான் சொல்றது டெரா டெர்ம் மென்பொருளை வச்சு. ஜப்பானைச் சேர்ந்த டெராநிஷி தகாஷி 1990-களில் எழுதினது. இன்னைக்கு அது திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் கூடவே வந்த ஹைப்பர்டெர்மினல், விஸ்டாவிலிருந்து வரலை. அந்த இடத்தை நம்மில் பலருக்கு நிரப்பினது இதுவும் புட்டியும்தான். கொஞ்சம் மூத்தவங்களுக்கு கெர்மிட் ஞாபகம் இருக்கலாம். 1981-இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதிலேயே தொடக்கக் கோப்பும் உண்டு, மேக்ரோவும் உண்டு. நாம இன்னைக்குச் செய்யப் போறதுல புதுசு எதுவும் இல்லை.

டெரா டெர்ம் திறக்கும்போது டெராடெர்ம் டாட் ஐஎன்ஐ என்கிற ஒரு எழுத்துக் கோப்பைப் படிக்கும். எந்த போர்ட், என்ன வேகம், திரை எத்தனை வரி, லாக் எங்கே, எல்லாம் அதில்தான். நீங்க மெனுவில் எதை மாத்தினாலும் அது அந்தச் சன்னலை மூடும் வரைதான். ‘செட்அப்’ மெனுவில் போய் ‘சேவ் செட்அப்’ கொடுத்தால்தான் கோப்பில் ஏறும். கவனிச்சீங்களா? ரூட்டருக்கு என்ன மறதியோ, அதே மறதி இந்த மென்பொருளுக்கும் உண்டு. ரூட்டரில் ‘ரைட் மெமரி’ அடிக்காதவரைத் திட்டுகிற நாமே, நம்ம லேப்டாப்பில் ‘சேவ் செட்அப்’ கொடுக்காமல் தினமும் 9600-ஐத் தேர்ந்தெடுத்துக்கிட்டு இருப்போம்.

இன்னொரு சிக்கல். நான்காம் பதிப்பில் இந்தக் கோப்பு மென்பொருளை நிறுவிய ஃபோல்டரிலேயே இருக்கும். அங்கே எழுத நிர்வாகி அனுமதி வேணும். அலுவலகக் கணினியில் உங்களுக்கு அது இல்லைன்னா, சேமிச்சது போல இருக்கும், நினைச்ச இடத்தில் இருக்காது. ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்கு மாத்திட்டாங்க. எந்தப் பதிப்பா இருந்தாலும் நான் செய்கிற முறை இது: பொதுக் கோப்பைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனி ஐஎன்ஐ கோப்பு. 9600 வேகக் கருவிக்கு ஒண்ணு, 115200 வேகக் கருவிக்கு ஒண்ணு. டெஸ்க்டாப்பில் ஆளுக்கொரு ஷார்ட்கட். ஷார்ட்கட்டின் கட்டளை வரியில் மென்பொருளின் பெயருக்குப் பிறகு ஒரு சாய்வுக்கோடு, எஃப், சமக்குறி, கோப்பின் பெயர். அவ்வளவுதான். அதே வரியில் எம் போட்டு மேக்ரோவின் பெயரைக் கொடுத்தால், திறந்தவுடனே மேக்ரோவும் ஓடும்.

புட்டி வச்சிருக்கிறவங்க இதைத் தேடி அலைய வேண்டாம். அதில் கோப்பு கிடையாது, எல்லாம் ரெஜிஸ்ட்ரியில். ‘டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்பதை முதலில் லோட் பண்ணி, மாத்தி, அதே பெயரில் சேமிக்கணும். மாத்திட்டு நேரா ‘ஓப்பன்’ அழுத்திட்டு, சேமிக்கலையேன்னு வருத்தப்படறவங்களைத் தினமும் பார்க்கிறேன். மேக்ரோ மொழின்னு தனியா புட்டியில் இல்லை.

சரி, அந்த ஐஎன்ஐ கோப்பில் என்னவெல்லாம் இருக்கணும்? போர்ட்டும் வேகமும் எல்லாருக்கும் தெரியும்: எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. அதை விட்டுவிடுவோம். நான் வற்புறுத்துவது வேற மூணு.

முதலாவது, லாக் தானாகத் தொடங்கணும். இணைப்பு கிடைச்ச நொடியிலிருந்து திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்படி வைக்கலாம். கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் சேரும்படியும் வைக்கலாம். அந்த ஜூன் மாத நாளில் எங்களைக் காப்பாத்தினது இதுதான். போன வாரம் வரிகளை மாத்திய பொறியாளரைத் தொலைபேசியில் பிடிச்சோம். என்ன மாத்தினேன்னு அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனா அவருடைய லேப்டாப்பில் லாக் தானாகப் பதிவாகியிருந்தது. வேலை முடிஞ்சதும் அவர் ரூட்டரின் முழு அமைப்பையும் ஒருமுறை திரையில் வரவழைச்சுப் பார்த்திருக்கிறார். அது அப்படியே லாக்கில் இருந்தது. பத்து நிமிஷத்தில் மின்னஞ்சலில் வந்தது.

இரண்டாவது, அனுப்பும் வேகத்துக்கு ஒரு தாமதம். வந்த வரிகளை மொத்தமா நகலெடுத்துத் திரையில் ஒட்டினேன். பாதி வரி பிழைன்னு திரும்பி வந்தது. ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாத கன்சோல் இணைப்பில், நாம கொட்டுற வேகத்துக்கு ரூட்டரால் வாங்க முடியாது. நடுவுல எழுத்து உதிர்ந்து போகும். அதைவிட மோசம், உதிர்ந்த பிறகும் வரி சரியான கட்டளையாகவே இருந்துட்டா பிழைச் செய்தியும் வராது. ஐபி முகவரியில் கடைசி இலக்கம் ஒண்ணு விழுந்ததுன்னு வைங்க, வேறொரு முகவரி அமைதியா ஏறிடும். சீரியல் போர்ட் அமைப்பிலேயே ‘டிரான்ஸ்மிட் டிலே’ என்று இருக்கிறது. எழுத்துக்கு இத்தனை மில்லிவினாடி, வரிக்கு இத்தனை மில்லிவினாடின்னு கொடுக்கலாம். நான் வரிக்கு 100 வைப்பேன். இருநூறு வரிக்கு இருபது வினாடி கூடுதல். தாராளமா கொடுக்கலாம்.

மூணாவது, வலது பக்க மவுஸ் பொத்தான். டெரா டெர்மில் அதை அழுத்தினாலே கிளிப்போர்டில் இருப்பது ஒட்டப்பட்டுவிடும். கடைசியாக எதை நகலெடுத்தீங்களோ, அது ரூட்டருக்குக் கட்டளையாகப் போகும். அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம், ஒட்டும் முன் கேட்கும்படியும் வைக்கலாம். கூடுதல் அமைப்புகளில் நகல் எடுத்தல், ஒட்டுதலுக்கான பக்கத்தில் இருக்கிறது. இன்னைக்கே பண்ணிடுங்க.

அன்னைக்குக் கவுன்ட்டர் ஓடத் தொடங்கும்போது மணி பதினொன்றே முக்கால். பாட்டிக்கு டோக்கன் கிடைச்சுது.

இப்ப மேக்ரோவுக்கு வருவோம். டெரா டெர்மின் மேக்ரோ மொழி ரொம்ப எளிது. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும், நான் இங்கே ஓசையில் சொல்கிறேன். ‘கனெக்ட்’ இணைக்கும். ‘வெயிட்’ என்றால், நாம சொல்ற சொல் திரையில் வரும் வரை காத்திருக்கும். ‘சென்ட் எல்என்’ ஒரு வரியை அனுப்பி என்டரும் தட்டும். ‘பாஸ்’ இத்தனை வினாடி சும்மா இருக்கும். இந்த நாலை வச்சுக்கிட்டே முக்கால்வாசி வேலை முடிஞ்சுடும்.

நான் முதன்முதலில் எழுதிய மேக்ரோவில் ‘வெயிட்’ ஒண்ணுகூட இல்லை. இணை, இரண்டு வினாடி நில், பயனர் பெயரை அனுப்பு, இரண்டு வினாடி நில், கடவுச்சொல்லை அனுப்பு. மேசையில் வச்சுச் சோதிச்சப்போ ஜோராக ஓடியது. ஒரு நாள் இணைப்பு மந்தமா இருந்தது. பெயர் கேட்கும் வரி திரைக்கு வருவதற்கு முன்னாடியே மேக்ரோ பெயரை அனுப்பிவிட்டது, அது காற்றோடு போயிற்று. அப்புறம்தான் பெயர் கேட்கும் வரி வந்தது. மேக்ரோவுக்கு அதெல்லாம் தெரியாதே, அடுத்த வரியான கடவுச்சொல்லை அங்கே அடித்தது. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அடிச்சா எழுத்து தெரியாது. பெயர் கேட்கும் இடத்தில் அடிச்சா பளிச்சுன்னு தெரியும். திரையில் தெரிந்தது, என் லாக்கில் பதிந்தது, தவறான உள்நுழைவு முயற்சின்னு மையப் பதிவேட்டிலும் ‘பயனர் பெயர்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அப்ப எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வச்சிருந்தோம். அதுவும் என் தப்புதான். அத்தனையிலும் மாத்தி முடிக்க இரண்டு நாள் ஆனது.

அதனால நேரத்தை எண்ணாதீங்க, சொல்லுக்குக் காத்திருங்க. காத்திருக்கவும் ஒரு எல்லை வைக்கணும். ‘டைம்அவுட்’ என்ற மாறியில் பத்துன்னு போட்டா பத்து வினாடி வரை காத்திருக்கும். பூஜ்யமா விட்டா முடிவே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். நேரம் தாண்டிவிட்டால் ‘ரிசல்ட்’ என்ற மாறியில் பூஜ்யம் வரும். ஒவ்வொரு ‘வெயிட்’டுக்குக் கீழேயும் ரிசல்ட் பூஜ்யமான்னு கேட்டு, ஆமான்னா ஒரு செய்திப் பெட்டியைக் காட்டி நின்றுவிடச் சொல்லுங்க. இந்த ஒரு வரியைச் சோம்பேறித்தனமா விட்டா, காத்திருந்து காத்திருந்து எதுவும் வராமலே மேக்ரோ அடுத்த கட்டளைக்குப் போயிடும். அப்புறம் ‘வெயிட்’ போட்டும் போடாத மாதிரிதான்.

‘வெயிட்’டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூணு சொல்லும் கொடுக்கலாம். எது வந்ததோ அதன் வரிசை எண் ரிசல்ட்டில் இருக்கும். கன்சோலில் இது ரொம்ப உபயோகம். முன்னால் வந்தவர் வெளியேறாமலே கேபிளை உருவிட்டுப் போயிருப்பார். நீங்க செருகினதும் பெயர் கேட்காது, நேரா உள்ளே இருப்பீங்க. இரண்டுக்கும் தனித்தனி வழி எழுதி வச்சுடலாம்.

எந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறீங்க என்பதும் முக்கியம். உள்ளே நுழைந்ததுக்கு அடையாளமா பலர் ஹேஷ் குறிக்கு மட்டும் காத்திருப்பாங்க. அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கைப் பலகையை ரூட்டரில் போட்டு, அழகுக்காகச் சுத்தி ஹேஷ் குறியாலேயே கட்டம் கட்டியிருப்பாங்க பாருங்க, அந்த முதல் ஹேஷைப் பார்த்ததுமே உள்ளே போயாச்சுன்னு மேக்ரோ நினைச்சுக்கும். கருவியின் முழுப் பெயரோட சேர்த்து, ஆர்1 ஹேஷ் என்று கொடுங்க. ஆர்2-வுக்கான கட்டளைகளைத் தெரியாமல் ஆர்1-இல் ஓட விடுவதும் அதனாலேயே தடைபடும்.

கடவுச்சொல்லை மேக்ரோ கோப்பில் எழுதவே கூடாது. நோட்பேடில் திறந்தாலே தெரியும் கோப்பு அது. ‘பாஸ்வேர்ட் பாக்ஸ்’ என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் பெட்டி திறந்து கேட்கும், அடிக்கிறது நட்சத்திரமா மறையும். ஐந்து வினாடி வேலை. அதேபோல, லாக்கில் ரூட்டரின் முழு அமைப்பும் இருக்கும்னு சொன்னேனே, அந்தக் கோப்பு பொதுக் கவுன்ட்டர் கணினியில் கிடக்கக் கூடாது.

எழுதி முடிச்சதும் எல்லாரும் நல்லா ஓடுதான்னு பார்ப்பாங்க. நீங்க கேபிளைப் பாதியில் உருவிப் பாருங்க. தப்பான கடவுச்சொல் கொடுத்துப் பாருங்க. அப்பவும் சத்தமில்லாமல் ஓடினால் அந்த மேக்ரோவைத் திருத்தாமல் எடுத்துப் போகாதீங்க.

போன வகுப்பில் ஒரு தங்கை கேட்டாங்க: “சார், ராத்திரி தானாகவே எல்லா ரூட்டரின் அமைப்பையும் நகல் எடுக்க இதையே வைக்கலாமா? அப்ப கடவுச்சொல்லை யார் அடிக்கிறது?” சரியான கேள்வி. கன்சோல் கேபிளில் அது நடக்காது, எஸ்எஸ்ஹெச் வழியா செய்யலாம். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும்படி ‘கனெக்ட்’ வரியிலேயே கொடுக்கலாம். அந்தச் சாவிக்கு அமைப்பைப் படிக்க மட்டும் அனுமதி இருக்கணும், மாத்த இருக்கக் கூடாது. அந்தக் கணினி பூட்டின அறையில் இருக்கணும். உங்க அலுவலகத்தில் அப்படி ஒரு அறை இல்லைன்னா, வாரம் ஒரு நாள் நீங்களே உட்கார்ந்து மேக்ரோவை ஓட்டுங்க. வெள்ளிக்கிழமை மாலை, கவுன்ட்டர் மூடின பிறகு.