உதவி கேட்கக் கற்போம்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில், கணினி வகுப்புப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



கூரைக் கொட்டகை ஒன்றில் சில சிலேட்டுகளோடு தொடங்கிய நம் கழகம், இன்று நான்கு கணினிகளைக் கொண்ட ஓர் அறையைப் பெற்றிருக்கிறது. அந்த அறையில் கற்றதைச் சொல்லுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். வென்ற கதையைச் சொல்வது எளிது. நாங்களோ விழித்து நின்ற கதையைச் சொல்ல விரும்புகிறோம். நம் பிள்ளைகளுக்குப் பயன்படுவது அதுவே என்பது எங்கள் எண்ணம்.

அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் கான்கார்டு கன்சார்ட்டியம் என்னும் கல்வி நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் தோன்றியது. இலாப நோக்கமற்ற அந்நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கென ஆக்கிய மென்பொருள்களுள் ஒன்று ‘கோடாப்’. புள்ளிவிவரங்களை ஆராய்வதற்கான இதனைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. இணைய உலாவியிலேயே திறந்து கொள்ளலாம். கட்டணமும் இல்லை. அட்டவணையின் ஒரு தலைப்பைச் சுட்டியால் இழுத்துவந்து வரைபடத்தின் அச்சில் விட்டால், சிதறிக் கிடக்கும் புள்ளிகள் நகர்ந்து தத்தம் இடத்தில் நிற்கும். ஒரு புள்ளியைச் சொடுக்கினால், அட்டவணையில் அதற்குரிய வரி ஒளிரும். பழகிப் பார்ப்பதற்கென்றே 27 பாலூட்டி விலங்குகளின் ஆயுள், எடை, உறக்க நேரம் முதலியவை அடங்கிய மாதிரித் தரவும் அதில் உண்டு. எடை மிகுந்த விலங்கு நெடுநாள் வாழுமா என்று பிள்ளைகள் வாதிட்ட மாலைப்பொழுது எங்களால் மறக்க இயலாதது.

விலங்குகளை அறிந்தபின் நம்மை அறிய விழைந்தோம். பள்ளிக்குச் செல்லப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவர்களையே கேட்டெழுதச் செய்தோம். தெருவின் பெயரையும் சேர்த்து, தலைப்புகளைத் தமிழிலேயே தந்து, அட்டவணையில் ஏற்றினோம். நிமிடத்தை இழுத்து அச்சில் விட்டோம். எண்கள் வரிசையாக நிற்பதற்கு மாறாக, ஊர்ப்பெயர்களைப் போலத் தனித்தனியே நின்றன. பத்துக்குப் பின் முப்பது, அதன் பின் பன்னிரண்டு! சராசரி கேட்டால் அதற்கு வழியே தென்படவில்லை.

இரண்டு மாலைகள் இவ்வாறு கழிந்தன. கணினியைத் தாமே கெடுத்துவிட்டதாக அஞ்சிய ஒரு மாணவி மூன்றாம் நாள் வகுப்புக்கு வரவில்லை. பொறுப்பாளர்களாகிய நாங்களும் எவரையும் கேட்கவில்லை. அருகிலுள்ள கல்லூரியில் புள்ளியியல் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் நமக்கு அறிமுகமானவரே. ‘இதுகூடத் தெரியாமலா கணினி வகுப்பு நடத்துகிறீர்கள்?’ என்று கேட்டுவிடுவாரோ என்னும் கூச்சம் எங்கள் வாயை அடைத்தது.

தோழர்களே, அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் தண்ணீர்க் குழாயைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. ஏனைய மாணவர்கள் தாகமெடுத்தால் குழாயைத் திறந்து குடிப்பார்கள். அவர் குழாயைத் தொடலாகாது. பள்ளிப் பணியாள் திறந்துவிட வேண்டும். பணியாள் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. உதவி என்பது நம் முன்னோருக்கு இவ்வாறுதான் அறிமுகமாயிற்று. பிறர் மனம் இரங்கினால் கிடைக்கும், இல்லையேல் இல்லை. வகுப்பின் பின்வரிசையில் அமர்த்தப்பட்ட நம் பெற்றோர் சந்தேகம் கேட்டபோது பெற்றது பெரும்பாலும் ஏளனமே. கேளாமல் இருப்பதே மானம் என்று நம் வீடுகளில் சொல்லித்தந்ததில் வியப்பில்லை.

ஆயின், குழாயைத் திறந்துவிடுமாறு வேண்டுவது வேறு. குழாய் எவ்வாறு திறக்கிறது என்று கேட்டறிவது வேறு. முன்னது நம்மை மீண்டும் மீண்டும் காத்திருக்க வைக்கும். பின்னது ஒரு முறை கேட்டால் போதும். அதன்பின் நாமே நால்வருக்குச் சொல்லலாம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, கேட்க வேண்டியதையும் கேளாது விடுவது நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் தீங்காகும்.

இறுதியில் அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினோம். ‘வரைபடம் சரியாக வரவில்லை, உதவ வேண்டுகிறோம்’ என்பதே முழுக் கடிதம். அவர் நகைக்கவில்லை. ‘என்ன செய்தீர்கள்? எது வருமென்று எதிர்பார்த்தீர்கள்? எது வந்தது? அட்டவணையின் சில வரிகளை உள்ளவாறே எழுதி அனுப்புங்கள்’ என்று மறுமொழி விடுத்தார். அவ்வாறே எழுத அமர்ந்தோம். ஒரு மாணவன் வரிகளைப் பார்த்துப் படிக்க, மற்றொருவன் எழுதினான். ‘பத்து, முப்பது நிமிடம், பன்னிரண்டு, அரை மணி’ என்று படித்து வந்தவன் திடீரென நிறுத்தினான். ‘ஐயா, சிலர் வெறும் எண்ணை எழுதியிருக்கிறார்கள், சிலர் சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள்’ என்றான்.

குறை அதுவே. எண்ணோடு சொல் கலந்தமையால் மென்பொருள் அந்த நெடுவரிசையை அளவாகக் கொள்ளாமல் பெயர்ப்பட்டியலாகக் கொண்டுவிட்டது. ‘நிமிடம்’ என்பதைத் தலைப்பில் மட்டும் இருத்தி, கட்டங்களில் எண்ணை மட்டும் எழுதினோம். புள்ளிகள் ஒழுங்காக வந்து நின்றன. விடையைக் கண்டுவிட்டோம் எனினும் கடிதத்தை எழுதி முடித்து, நன்றியும் சேர்த்து அனுப்பினோம். வகுப்பை விட்டுச் சென்ற மாணவியின் வீட்டுக்குச் சென்று, பிழை அவளுடையதன்று என்று எடுத்துச் சொல்லி அழைத்து வந்தோம். இப்பொழுது புதிய பிள்ளைகளுக்கு அட்டவணை எழுதக் கற்றுக்கொடுப்பவள் அவளே.

வரைபடம் சொன்னதையும் கேளுங்கள். பெரும்பாலான புள்ளிகள் இடப்புறம் நெருங்கி நிற்க, ஒரு சில வலக்கோடியில் தனித்து நின்றன. அவற்றைச் சுற்றிக் கட்டமிட்டுத் தெரிவு செய்தபோது, அட்டவணையில் ஒளிர்ந்த வரிகள் யாவும் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள ஒரே தெருவுக்கு உரியவை. அத்தெருப் பிள்ளைகள் பாலமில்லாமையால் சுற்றி நடக்கிறார்கள் என்பது நாம் அறியாததன்று. ஆனால் அதனை எவரும் மறுக்க இயலாதவாறு காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லாதிருந்தது. நடைபாலம் வேண்டும் மனுவோடு இம்முறை அந்த வரைபடத்தையும் இணைத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை விடப் போவதுமில்லை.

இது நமக்குப் புதிய வழியன்று. பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டில் சைமன் குழுவிடம் அளித்த அறிக்கை, பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி நிலையைப் புள்ளிவிவரங்களைக் கொண்டே எடுத்துரைத்தது. அதற்கும் முன்பே, 1900-ஆம் ஆண்டு பாரிசு உலகப் பொருட்காட்சியில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்சு, அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களின் துணையோடு கையால் வரைந்து வண்ணந்தீட்டிய வரைபடங்களை வைத்தார். சார்சியா மாநிலக் கறுப்பின மக்களின் கல்வி, தொழில், நிலவுடைமை ஆகியவற்றை உலகம் அவற்றில் கண்டது. அவர்களுக்கு இணையம் இல்லை. தம்மைப் பற்றிய கணக்கைத் தாமே சொல்ல வேண்டும் என்னும் உறுதி இருந்தது.

இனி, இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். ஐயம் எழுந்தால் முதலில் அருகிலிருப்பவரைக் கேளுங்கள். பின்னர் மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்களைப் பாருங்கள். ஆங்கிலம் தடையானால் படித்துச் சொல்ல ஒருவரைத் துணைகொள்ளுங்கள். அதன்பின் வெளியாரைக் கேளுங்கள். ஆக்கியோருக்கே எழுதினாலும் தவறில்லை. கேட்கும்பொழுது, செய்தது, எதிர்பார்த்தது, வந்தது என்னும் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். எந்த உலாவியில் திறந்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அவ்வப்போது வேலையைச் சேமித்து வையுங்கள். சேமியாது மூடிய ஒரு நாள் உழைப்பை நாங்கள் இழந்ததுண்டு.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. உதவி கேட்கும் ஆர்வத்தில் பிள்ளைகளின் பெயர், சாதி, கைப்பேசி எண், உதவித்தொகை விவரம் ஆகியவற்றை வெளியே அனுப்பிவிடாதீர்கள். பெயருக்கு மாற்றாக வரிசை எண் போதும். குறையைக் காட்டும் நான்கைந்து வரிகள் போதும். ஒருவரோடு பகிரும் இணைப்பு அவரோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. நம்மைப் பற்றிய விவரம் நமக்கு எதிராகப் பயன்பட்ட காலங்களை மறந்துவிடலாகாது.

கணினி அறையில் இன்றுமுதல் கேள்விப் பதிவேடு ஒன்று வைக்கப்படுகிறது. எழுந்த ஐயம், கிடைத்த விடை, விடை தந்தவர் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். முதற்பக்கத்தில் எங்கள் அறியாமையையே எழுதியிருக்கிறோம்: ‘எண்ணோடு சொல்லைச் சேர்க்கலாகாது என்பது பொறுப்பாளர்களுக்குத் தெரியவில்லை, ஏழாம் வகுப்பு மாணவன் கண்டறிந்தான்.’ இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்த அறையில் கேள்வி கேட்டவரைப் பார்த்து எவரும் நகைக்கலாகாது என்பதே இக்கழகத்தின் வெள்ளி விழாத் தீர்மானமாக அமையட்டும்.