ஆளோலையும் அடியாரும்



நாம் ரயில்வே அலுவலகத்தில் காகிதக் கட்டுகளுக்கிடையே காலம் கழிப்பவர்; மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தியவர். புலவர்கள் பேசவேண்டிய பொருளைப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றே: சுந்தரமூர்த்தி நாயனார் சரித்திரம் ஒரு தஸ்தாவேஜில் தொடங்குகிறது. தஸ்தாவேஜு நமக்குப் பழகிய சரக்கு.

மணப்பந்தலிலே முதிய வேதியர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஆளோலை உண்டென்றும் வழக்காடுகிறார். சுந்தரர் அவரைப் பித்தர் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. கிழிந்தது படியோலையே, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர்! சபையார் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைத் தருவித்து ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பளிக்கின்றனர். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் நேர்த்திக்கு எந்தக் குமாஸ்தாவும் தலையசைப்பான்.

நம் அலுவலகத்தில் தீர்ப்பானதும் கட்டு மூடப்படும். இங்கோ அதன் பின்னரே பேச்சுத் தொடங்குகிறது. ஏசிய அச்சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தார். வன்தொண்டர் என்ற பெயரும் தந்தார். அடிமை தோழரானார். நெல் கேட்டார், அதைச் சுமக்க ஆளும் கேட்டார்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, பிரியேன் என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது. சந்நிதியில் செய்த சத்தியத்தை மீறலாகாதே என்றெண்ணி, அந்நேரம் மகிழமரத்தடிக்கு எழுந்தருளும்படி இறைவனையே வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்தார், சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கும்படி சொல்லியும் வைத்தார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரு கண்ணும் மறைந்தன.

பிழையை அவர் மறுக்கவில்லை, வாய் மூடவுமில்லை. திருவெண்பாக்கத்தில், கோயிலுள் இருக்கிறீரோ என்று கேட்டார். இருக்கிறோம், நீர் போம் என்ற விடையோடு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது; திருவாரூரில் வலக்கண் வந்தது. கண்ணைப் பறித்தவரே அத்திருவாரூரில், ஊடியிருந்த பரவையாரிடம் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தார்.

எல்லை தாண்டிய இடத்தை வாசிக்கும்போது நமக்கு நெஞ்சு இடிக்கும். நம் வீட்டுப் பூசை மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று உண்டு. மூத்த பையன் டைபாய்டில் கிடந்த இரவிலே ஊர்க் குலதெய்வத்துக்கு நேர்ந்து முடிந்தது. பையன் பிழைத்தான். ஆண்டு 11 ஆயிற்று. பாஸ் இருந்த ஆண்டில் விடுப்பில்லை. விடுப்பிருந்த ஆண்டில் வேறு செலவு. கடன்காரனைக் கண்டு சந்தில் ஒதுங்குபவனைப் போல, நாம் அந்த மாடத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டோம்.

நம் இல்லாளோ நாள்தோறும் விளக்கேற்றுகையில் அம்முடிச்சிடம் கணக்குச் சொல்லுவாள்: இவ்வாண்டு இன்ன காரணத்தால் வர இயலவில்லை, கோபித்துக்கொள்ளாதே தாயே, அடுத்த கோடைக்குப் பார்க்கிறோம் என்று. பித்து என்று நாம் நகைத்ததுண்டு. இச்சொற்பொழிவுக்காகப் புராணத்தை மீண்டும் புரட்டியபின் நகைப்பு வரவில்லை. தவணை தவறியவர் இருவருமே. பேச்சை விடாதவள் அவள்.

சென்ற மாதம் நாமும் மாடத்தின் முன் நின்றோம். வெகுநேரம் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, சித்திரையில் விடுப்புக்கு எழுதியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். விண்ணப்பம் இன்னும் மேலதிகாரியின் மேஜையில் இருக்கிறது.