இல்லத்து இசையும் கேட்பார் நலமும்



வள்ளுவப் பேராசான் குழலிசையை ஈரிடத்து இருவேறு வகையாகக் காட்டுகின்றார். தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவென்பர் என்கின்றது 66-ஆம் குறள். ஆங்குக் குழல், இனிமைக்கே ஓர் அளவுகோல். 1228-ஆம் குறளிலோ, காதலனைப் பிரிந்து வருந்துவாள் ஒருத்திக்கு, மாலைப்பொழுதில் ஆயன் ஊதும் குழல் கொல்லும் படையாகின்றது. மூங்கில் மாறவில்லை, துளைகள் மாறவில்லை, கேட்பவளின் உளநிலையே மாறிற்று. இசையின்பம் பாதி கருவியில் உளது. மறுபாதி கேட்பாரிடத்தில் உளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை இன்று பல இல்லங்களில் மறக்கப்பட்டுள்ளது. பாட்டுச் சுவைக்கவில்லையெனில், உடனே கருவியைக் குறை கூறுவர், ஒலிபெருக்கியை மாற்றுவர், கடன்பட்டேனும் விலையுயர்ந்த வேறொன்றை வாங்குவர். கேட்பவனின் உடலும் உள்ளமுமே இறுதிக் கருவி என்பதையும், அக்கருவி பழுதுற்றிருப்பின் ஏனையவற்றால் பயனில்லை என்பதையும் எண்ணார்.

முதற்கண் செவியைக் கருதுக. நலமுற்ற இளஞ்செவி, நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை உணரவல்லது. அகவை ஏற ஏற, மேலெல்லை படிப்படியாகக் குறையும். உட்செவியில் நத்தையோடு போற் சுருண்டுள்ள உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. பேரொலியால் அவை அழியின், மாந்தர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆகலின், காதிற் பொருத்திக் கேட்கும் கருவிகளின் ஒலி, பெரியவர்க்கு 80 டெசிபல் அளவில் கிழமைக்கு 40 மணிநேரத்தைக் கடத்தலாகாதென உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் வரையறுத்துள்ளது. இனி, தடுமன் பிடித்த நாளில் பாட்டு மங்கிக் கேட்பதை யாவரும் அறிவர். நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் சிறுகுழல் அடைபடுதலால், செவிப்பறையின் இருபுறத்தும் காற்றழுத்தம் ஒவ்வாது, பறை செவ்வனே அதிர்வதில்லை. அன்று பாடகரைப் பழித்தல் முறையாமோ?

அடுத்து, உடற்சோர்வு. நாள் முழுதும் உழைத்துக் களைத்து, உறக்கமும் குன்றியவன் பாட்டுக் கேட்க அமர்ந்தால், உள்ளம் ஒருமைப்படாது. அதனால் அவன் ஒலியைக் கூட்டுகின்றான். ஈண்டு ஒரு மயக்கம் நேர்கின்றது. ஒலி குறையுங்கால் தாழ்ந்த ஒலிகளே பிறவற்றினும் மிகுதியாக நம் செவிக்கு மறைகின்றன என்பதனை அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்துப் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஒலியைக் கூட்டியவுடன் முழவின் அடியொலி நிறைந்து கேட்பது இதனாலேயே. களைத்தவன் அந்நிறைவை இனிமையென்று கொண்டு, மேலும் மேலும் கூட்டிச் செவியைக் கெடுத்துக்கொள்கின்றான். அவனுக்கு வேண்டியது உறக்கமேயன்றி உரத்த ஒலியன்று.

மூன்றாவது, உள்ளம். முன்பு உருகிக் கேட்ட பாட்டு ஒருவர்க்குத் திடுமெனச் சுவையற்றுப் போமாயின், வீட்டார் அவரைச் சுவையறியாதவரென்றோ, செருக்குற்றவரென்றோ ஏசுதல் கூடாது. முன்பு மகிழ்வளித்தவை இரு கிழமைக்கும் மேலாக மகிழ்வளியாது போதல், உளச்சோர்வு நோயின் தலையாய அறிகுறிகளுள் ஒன்றென மருத்துவர் கொள்வர். அந்நிலையில் அவர்க்குப் புதிய இசைத்தட்டு வாங்கித் தருவது மட்டும் போதாது. அருகமர்ந்து பேசுதலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலுமே உண்மைத் துணையாகும்.

மற்றொன்றும் எண்ணுதற்குரியது. கூடத்தில் ஆடவன் சாய்ந்திருந்து கேட்கின்றான். அடுக்களையில் மனைவியோ, ஏனங்களின் ஓசைக்கும் அடுப்பின் வெம்மைக்கும் இடையே அதே பாட்டை அரைகுறையாகக் கேட்கின்றாள். ஒரே வீடு, ஒரே பாட்டு. ஆயினும் ஒருவர்க்கு இன்பம், ஒருவர்க்கு இரைச்சல். வேலையைப் பகிர்ந்துகொள்ளாத இல்லத்தில் இசையையும் பகிர்ந்துகொள்ளவியலாது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், போரிற் புண்பட்ட மறவனைக் காக்கும் மனையொன்று காட்டப்படுகின்றது. மனையில் வேப்பிலை செருகுகின்றனர், வெண்கடுகு சிதறுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர், அவற்றோடு யாழும் பிற இயங்களும் ஒலிக்க, ஆம்பற்குழல் ஊதிக் காஞ்சிப்பண் பாடுகின்றனர். அதனையும் ஒருத்தி தனித்துச் செய்யவில்லை. தோழியை உடன் அழைத்துச் செய்கின்றாள். புண்ணைப் பேணுதல், மனையைத் தூய்மை செய்தல், உற்றார் உடனிருத்தல், பண் பாடுதல் ஆகிய யாவும் அங்கு ஒரே கடமையின் கூறுகளாக விளங்குகின்றன. இசை, நலத்திற்கு மாற்றாக அன்று, நலம் பேணுதற்குத் துணையாகவே அம்மனையில் ஒலித்தது.

ஆதலின், தமிழ்ப் பெருமக்களே! புதுக் கருவி வாங்குமுன் செவியை மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டு இனிக்காத இரவில் ஒலியைக் கூட்டாது, விளக்கை அணைத்து உறங்குங்கள். வீட்டு வேலையை அனைவரும் கூடி முடித்து, அதன்பின் ஒரு பாட்டேயாயினும் ஒருங்கமர்ந்து கேளுங்கள். சிறிய வானொலிப் பெட்டியில் எழும் பண்ணும் அன்று இல்லம் முழுதும் நிறையும்!